தண்ணிக்கு நாங்க பொறுப்பில்லீங்க

2019 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். காவிரிக்கரை வரை நடந்துவிட்டு வந்து காபி போட்டுக்கொண்டு செய்தித்தாளில் பாதியைப் படித்தேன். அரவைப் பருவம் முடிந்து, நான் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலை ஓய்ந்திருந்த மாதம் அது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவதும் தராசுகளைச் சரிபார்ப்பதும் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. விடுப்பு கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, மோகனூரிலிருந்து காரை எடுத்தேன். திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது நங்கை ஏற்கெனவே வெளியே வந்து நின்றிருந்தார். நெஞ்சோடு அணைத்தபடி ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறை. "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டார். காற்றும் கரகரப்பும்தான் வந்தன. உதடுகளைப் பார்த்துத்தான் கேள்வியைப் புரிந்துகொண்டேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று அழைப்போம். என் நங்கை மல்லசமுத்திரத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு எங்கள் குடும்பத்துக்கு வந்தவர். அண்ணனுக்கு இரண்டு ரிக் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஆந்திரம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று சுற்றுகிற லாரிகள் அவை. வருடத்தில் பாதி நாள் அண்ணனும் வண்டியோடு போய்விடுவார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அதை நங்கை தன் குரலை வைத்தே நடத்தினார். சேற்றில் சிக்கிய வண்டியின் டிரைவர், பாறையைத் துளைக்கும் பிட்டை அனுப்ப வேண்டிய கடைக்காரர், ஊருக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கும் வேலையாள் எல்லோரையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் மேய்ப்பார். அவர் பேசிய இந்தியைக் கேட்டால் இந்திக்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் சொன்ன வேலை நடந்துவிடும். "உஞ்சத்தத்துக்கு மலைமேல இருக்கற சாமி எறங்கி வந்துரும் போ" என்று அண்ணன் கேலி செய்வார். கிணறு போடக் கூப்பிடும் ஒவ்வொரு புதிய ஆளிடமும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நங்கையின் வழக்கம்: "தொளைக்கு நாங்க பொறுப்புங்க. தண்ணிக்கு நாங்க பொறுப்பில்லீங்க." அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான் அது. மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், நங்கை உரக்கச் சொல்வார்.

அந்தக் குரல்தான் பொங்கலுக்குப் பிறகு கம்மத் தொடங்கியது. தூசி என்றோம், பனி என்றோம், மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். சித்திரை பிறந்தபோதும் அது சரியாகவில்லை. சேலத்தில் தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குரல்வளையில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அறுவை மருத்துவர் நிதானமானவர். குரல்வளையை முழுவதும் எடுத்துவிடலாம், பிறகு கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான் மூச்சு, இப்போதுபோல் பேச முடியாது என்றார். இந்த அளவு நோய்க்குக் கதிர்வீச்சிலும் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியவர் கதிர்வீச்சு நிபுணர், நல்லவராக ஒருவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதிக நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். நல்லவர் என்று யாரை, எதை வைத்துச் சொல்வது என்பதை அவர் சொல்லவில்லை. அதை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் கதிர்வீச்சை "கரண்ட் வைப்பது" என்பார்கள். செய்தி பரவியதும் வந்தவர்கள் எல்லோரிடமும் கரண்ட் வைத்த ஒருவரின் கதை இருந்தது. ஒருவருக்குக் கழுத்து கருகிவிட்டது, ஒருவருக்கு ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டது, ஒருவர் பச்சிலையிலேயே பிழைத்துக்கொண்டார். கேட்டுப் பார்த்தால் யாரும் நேரில் பார்த்தவர்கள் இல்லை. இன்னொரு கூட்டம் டாக்டர்களின் பெயரோடு வந்தது. சம்பந்தியின் தம்பிக்குத் தெரிந்தவர், பஸ் கம்பெனி முதலாளிக்குப் பார்த்தவர், வெளிநாடு போய் வந்தவர். வந்த பெயர்களில் ஒன்று பல் மருத்துவருடையது, ஒன்று எலும்பு மருத்துவருடையது. நங்கை எல்லோருக்கும் டீ கொடுத்துக் கேட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு என்னிடம் கம்மிய குரலில் சொன்னார்: "ஒருத்தராச்சும் என்னைய என்ன வேணும்னு கேட்டாங்களா பாரு. செத்த ஊட்டுக்கு வந்தவங்களாட்டம் பேசிட்டுப் போறாங்க. நா இன்னும் உக்காந்துதான இருக்கறேன்."

அண்ணன் சத்தீஸ்கரில் வண்டியை மேனேஜரிடம் விட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். வந்ததும் தேடலைத் தனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினார். ரிக் வாங்குபவர் எதைப் பார்ப்பாரோ அதையே மருத்துவமனைகளிலும் பார்த்தார். கதிர்வீச்சு எந்திரம் எந்த வருட மாடல், புதிதாக வாங்கியதா, கை மாறியதா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது. ஓரிடத்தில் எந்திரத்தை இயக்கும் இளைஞரிடம் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார் என்று பயந்துபோன அந்த இளைஞர் மேலதிகாரியைக் கூப்பிட ஓடிவிட்டாராம். சுற்றி முடித்த அண்ணன் தன் தீர்ப்பைச் சொன்னார்: பெருநகரத்தில் ஒரு மருத்துவமனையில் போன வருடம் இறக்கிய எந்திரம் இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும். மல்லசமுத்திரத்திலிருந்து வந்திருந்த நங்கையின் அண்ணன், நாங்கள் மச்சான் என்று அழைப்பவர், உடனே ஆமோதித்தார். இவருக்கும் இரண்டு ரிக் வண்டிகள் உண்டு.

அந்தப் பெருநகர மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். பளிங்குத் தரை, மெல்லிய இசை, கையில் பழச்சாறு கொடுத்தார்கள். அங்கிருந்த கதிர்வீச்சு மருத்துவர் படங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கவலையே வேண்டாம், குரல் நூற்றுக்கு நூறு திரும்பும், நான் கேரண்டி என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. மச்சான் கும்பிட்டே விட்டார். நங்கை உறையை வாங்கிப் படங்களை வரிசையாக உள்ளே வைத்தார், எழுந்தார், வெளியே நடந்தார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு "வேண்டாம்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். வீடு வரும்வரை மச்சான் திட்டிக்கொண்டே வந்தார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வேறோர் ஊரில் இருந்தார். படித்தவர், பெயர் பெற்றவர், குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் விளக்கினார். ஆனால் விளக்கம் முழுவதும் அண்ணனுக்கும் எனக்கும்தான். "அவங்களுக்கு எச்சில் வத்திப்போகும், அவங்க மெலிஞ்சிருவாங்க, அவங்க ஒத்துழைக்கணும்" என்றார். நங்கை தொண்டையைச் செருமி ஒரு கேள்வி கேட்டார். அவர் அதற்குப் பதிலையும் அண்ணனைப் பார்த்தே சொன்னார். அந்தக் குரலைக் கேட்க இரண்டு நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், காதைக் கொஞ்சம் முன்னே கொண்டுவர வேண்டும். அதற்கு அவருக்கு நேரமில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒரு நல்ல மருத்துவரை விடுவதா என்று அன்று எனக்கும் தோன்றியது. நங்கைக்கு அது சின்ன விஷயம் இல்லை. "வாரத்துக்கு ஒருக்கா இவரப் பாத்து எங்க வலிக்குதுன்னு சொல்லோணும். எம்பட பேச்சு காதுல உழுகாதவருகிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார்.

மூன்றாவது மருத்துவரைப் பார்க்கத்தான் அந்தப் புதன்கிழமை சேலம் போனோம். அண்ணனும் பின்சீட்டில் வந்தார். இந்தப் பெயரைச் சொன்னவர் அறுவை மருத்துவரின் அறையில் வேலை செய்த செவிலியர். என் அம்மாவாக இருந்தால் இவரிடம்தான் கூட்டிப்போவேன் என்று நங்கையிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். பழைய கட்டடம், மர பெஞ்சுகள், நல்ல கூட்டம். மருத்துவர் என் வயதை ஒத்த பெண்மணி. படங்களைத் திரையில் மாட்டும் முன்பே நங்கையைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார், கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். வீட்டில் என்ன சமையல், காரம் அதிகமா, தினமும் யார் கூட்டி வருவார்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ரிக் ஆபீஸ் என்றதும் நாற்காலியைத் திருப்பி முழுதாக நங்கையைப் பார்த்தார்.

"கொரலு நிக்குங்களா?" என்று நங்கை கேட்டார்.

"நிக்கறதுக்கு வழி இருக்கு. நிக்கும்னு எழுதித் தர மாட்டேன்" என்றார் மருத்துவர். ஏறக்குறைய ஏழு வாரம், ஞாயிறும் சனியும் தவிர தினமும் வர வேண்டும். கூடவே நரம்பில் மருந்தும் ஏறும். நாலாவது வாரத்தில் எச்சில் விழுங்குவதே வேதனையாக இருக்கும். ஏன் வந்தோம் என்று என்னைத் திட்டுவீர்கள். முடிந்து மூன்று மாதம் கழித்துத் துல்லியமாகப் பார்ப்பேன். நோய் மிச்சம் இருந்தால் நானே அறுவைக்கு அனுப்புவேன், அப்போது சண்டை போடக் கூடாது. எதையும் அவர் சர்க்கரை தடவிச் சொல்லவில்லை. அண்ணனால் பொறுக்க முடியவில்லை. எந்திரம் எந்த வருட மாடல் என்று கேட்டுவிட்டார். மருத்துவர் கோபப்படவில்லை. "புதுசு இல்லைங்க. இவங்களுக்கு வேண்டியதை இது செய்யும். இதால முடியாத நோய்க்கு நானே வேற ஊருக்கு அனுப்பிடுவேன்" என்றார். படங்களை இன்னொருவரிடமும் காட்டிக் கேளுங்கள், அறுவை மருத்துவரோடும் நான் உட்கார்ந்து பேசுகிறேன் என்றார்.

நங்கை இரண்டு கேள்விகள் வைத்திருந்தார். நீங்கள் விடுப்பில் போனால் என்னை யார் பார்ப்பார்கள் என்பது முதல் கேள்வி. மருத்துவர் பக்கத்து அறையிலிருந்து ஓர் இளம் மருத்துவரைக் கூப்பிட்டு, இவர்தான் என்று காட்டினார். இரண்டாவது கேள்வியை நங்கை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இந்த மாதிரித் தொண்டைக்கு நீங்க கரண்ட் வெச்சதுல, தோத்துப்போனது உண்டுங்களா?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "உண்டும்மா. ஒரு வாத்தியாருக்குத் திரும்ப வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி உயிரோட இருக்கார், பேச்சு போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் முன்னாடியே நான் கண்டுபிடிச்சிருக்கணும்னு இப்பவும் நினைப்பேன்."

நங்கை தலையசைத்தார். போன வாரம் முழுதும் அவர் முகத்தில் காணாத ஒரு தெளிவு அப்போது வந்தது. தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று என்று மருத்துவர் சொன்னார்: கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாது, சொத்தையான கடைவாய்ப் பற்கள் இரண்டையும் இப்போதே எடுத்துவிட வேண்டும், ஆறியதும், கதிர் வைக்கும்போது தலை அசையாதிருக்க முகத்துக்கு அச்சு எடுத்து ஆரம்பிக்கலாம். பல் மருத்துவருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் ஆட்டையாம்பட்டியில் காரை நிறுத்தச் சொன்னார் நங்கை. கைமுறுக்கு ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்தார். "பல்லிருக்கறப்பவே தின்னுக்கறேன்" என்று எனக்கும் ஒன்று நீட்டினார்.

மாலையில் மச்சான் வந்தார். பெருநகர மருத்துவமனையில் பேசி நாள் வாங்கிவிட்டதாகச் சொன்னார். நங்கை சேலம் என்றதும் மச்சான் குரலை உயர்த்தினார். "பழைய மெசினு. கேரண்டி இல்லைன்னு அந்தம்மாளே சொல்லுது. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாரப் போய்க் கேக்கறது?"

"என்னையக் கேளுங்க" என்றார் நங்கை.

"உனக்கெதுக்கு இந்த வீம்பு? பெரியவங்க நாங்க எதுக்கு இருக்கறோம்?"

"கண்ணாலத்துக்கு நாள் குறிச்சீங்க, சரின்னேன். ஊட்டுக்கு நெலக்கதவு வெக்க நாள் குறிச்சீங்க, சரின்னேன். இது எந்தொண்டைங்கண்ணா."

மச்சான் உதவிக்கு அண்ணனைப் பார்த்தார். நங்கையும் அண்ணன் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் நீளமாகப் பேசுவது அவருக்கு மலையேறுவது போல. நாலு சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்றுதான் சொன்னார். "ஏனுங்க, தண்ணி கேரண்டின்னு சொல்லிப் போர் போடற ரிக்குக்காரன நீங்க என்னன்னு சொல்லுவீங்க? ஏமாத்துக்காரன்னுதான? முப்பது வருசமா ஊரு ஒலகத்துக்கெல்லாம் தண்ணிக்கு நாங்க பொறுப்பில்லீங்கன்னு சொல்லிப்போட்டு, எந்தொண்டைக்கு மட்டும் கேரண்டி கேக்கறீங்களே. அந்தம்மா நம்ம பேசற பேச்சுத்தான் பேசறாங்க. தொளைக்குப் பொறுப்பெடுத்துக்கறாங்க. எனக்கு அது போதும்."

"மாடலுதான் கொஞ்சம் பழசு" என்றார் அண்ணன். நங்கை சிரித்துவிட்டார். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. மச்சான் சிரிக்கவில்லை. காலையில் பெரியப்பாவையும் பங்காளிகளையும் அழைத்து வருகிறேன், எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

இப்போதும் யோசிக்கும்போது, எனக்குக் கோபம் வருவது அந்த "எல்லோரும் உட்கார்ந்து" என்ற சொல்லின் மேல்தான். நோய் ஒருவருக்கு, அச்சை முகத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் படுக்கப்போவது ஒருவர், எந்திரம் இருக்கும் அறையின் கனத்த கதவு மூடிய பிறகு உள்ளே தனியாக இருக்கப்போவதும் அந்த ஒருவர்தான். முடிவெடுக்க மட்டும் முன்னறை நிறைய ஆள் வேண்டும் என்றால் அதை அன்பு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். டாக்டர் கடவுள் மாதிரி, கேள்வி கேட்கக் கூடாது என்கிறவர்களையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கேள்வி கேட்டதால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரிடம் ஏழு வாரம் கழுத்தைக் கொடுக்க முடியாது. எங்கள் நங்கைக்கு மருத்துவம் தெரியாது. அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அறுவை மருத்துவரும் அந்த அம்மாளும் பேசி ஒரே முடிவுக்கு வந்த பிறகுதான் சிகிச்சை தொடங்கியது. நாலாவது வாரம் மருத்துவர் சொன்னபடியே வந்தது. நங்கை அவரைத் திட்டவும் செய்தார், ஒரு தாளில் எழுதிக் காட்டி. அவர் வாசித்துவிட்டுச் சிரித்து, வலி மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

குரல் நின்றது. பழைய குரல் இல்லை; மலைமேல் கேட்காது. தடித்து, உடைந்து, சல்லி கொட்டுவது போல இருக்கும். ரசத்தைக்கூடத் தண்ணீர் விட்டுத்தான் சாப்பிடுகிறார், தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. போனில் பேசும் புதிய ஆட்கள் அண்ணா என்று கூப்பிடுகிறார்கள். அவர் திருத்துவதில்லை, அண்ணா என்று நினைத்துக்கொண்டால் பேரம் குறைகிறதாம். அன்று கரண்ட் கதைகளோடு வந்தவர்கள் இன்று தங்கள் வீட்டு நோயாளிக்கு டாக்டர் பெயர் கேட்டு வருகிறார்கள். நங்கை பெயரைச் சொல்வதில்லை. படங்களை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரைப் பாருங்கள், நோயாளியைப் பேச விடுங்கள், தோற்ற கதையைக் கேளுங்கள் என்பார். வந்தவர் ஏமாற்றத்தோடு போவார். போகட்டும் என்பார்.

ஜூன் 13, வியாழக்கிழமை. மச்சான் சண்டை போட்டுப் போன அந்த இரவு அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தேன். காலையில் எழுந்து வந்தபோது முன்னறை காலியாக இருந்தது. அண்ணன் கொல்லைப்புறம் தேடிக்கொண்டிருந்தார். நான் தெருவில் இறங்கி நடந்தேன். கடைவீதி திருப்பத்தில், இன்னும் திறக்காத பல் மருத்துவமனையின் படிக்கட்டில், சீட்டைக் கையில் பிடித்தபடி நங்கை உட்கார்ந்திருந்தார். "பங்காளிக வரதுக்குள்ள முடிச்சுப்போடோணும்" என்றார். பல் மருத்துவர் வந்து கதவைத் திறந்தார். சீட்டைப் படித்தார், சேலம் மருத்துவமனைக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார், மரத்துப்போக ஊசி போட்டார். மச்சான் பெரியப்பாவோடு வந்து சேர்ந்தபோது நங்கை வீங்கிய கன்னத்தோடு, பஞ்சைக் கடித்தபடி ஆபீஸ் நாற்காலியில் இருந்தார். மச்சான் பேச ஆரம்பித்தார். நங்கை கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பற்களையும் மேசைமேல் அவருக்கு முன்னால் வைத்தார். மச்சான் அவற்றைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சேலத்துக்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், எந்த வண்டியை அனுப்பட்டும் என்று கேட்டார்.